தலைவரின் வெறுங்கால்

புவனேஸ்வரன் ஏழையாகப் பிறந்தது நாற்பது வயதுக்குப் பிறகுதான். அதுவரை வசதியான வீட்டுப் பிள்ளையாகவே இருந்து வந்தார்.

ஏழ்மை அவருக்கு ஒரு கல்வி நிதி விருந்தில் வாய்த்தது. அவருக்கு முன்னால் பேசியவர், தோட்டத்துக் கூலியாட்களின் லயத்து வீட்டில் பிறந்து, வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போய், மண்ணெண்ணெய் விளக்கில் படித்து முன்னேறிய கதையைச் சொன்னார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அடுத்து மேடையேறிய புவனேஸ்வரன், அப்போது காப்புறுதி நிறுவனத்தில் மேலாளர், சேமிப்பின் அவசியத்தைப் பற்றிப் பேசினார். ஒருவர் இருமினார். இன்னொருவர் பிரியாணி எப்போது வரும் என்று பக்கத்தில் விசாரித்தார்.

மறு வருஷம் அதே மேடையில், ஜுருப் பக்கம் ஒரு தோட்டத்தில் தன் மாமா வேலை பார்த்ததாகவும், பள்ளி விடுமுறைக்கு அங்கே போவதுண்டு என்றும் ஒரு வரி சேர்த்தார். கைதட்டல் லேசாகக் கேட்டது. மாமா நிஜம், விடுமுறைதான் ஒன்றே ஒன்று, அதுவும் அரை நாள். பிறகு ஒவ்வொரு மேடைக்கும் அந்த விடுமுறை நீண்டுகொண்டே போயிற்று. ஐம்பது வயதில் அவர் அந்தத் தோட்டத்தில் வளர்ந்தார். அறுபதில் அங்கேயே பிறந்தார். அறுபதைத் தாண்டியபோது கருக்கலில் எழுந்து, அப்பாவுக்குத் துணையாகப் பால்மரம் வெட்டிவிட்டுப் பள்ளிக்குப் போகவும் தொடங்கிவிட்டார்.

எந்தத் தோட்டம் என்று யாராவது கேட்டால் ஜுரு என்பார். ஜுருவில் இப்போது வரிசை வரிசையாகக் காடி, அதாவது கார், விற்கிறார்கள். ரப்பர் மரம் எதுவும் எழுந்து வந்து சாட்சி சொல்லப்போவதில்லை.

உண்மைக்கு அவ்வளவு கைதட்டல் கிடைக்காது. அவருடைய அப்பா பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு வெள்ளைக்காரன் கம்பெனியில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. மெக்காலிஸ்டர் ரோட்டுப் பக்கம் வீடு. வாசலில் ஒரு காடி. சமையலுக்கும் துணிக்கும் ஆ லான் என்ற சீன ஆயா. பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போக மாதச் சம்பளத்துக்கு ஒரு ட்ரைஷாக்காரன், மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டுகிறவன், தினமும் வாசலில் வந்து மணி அடிப்பான். அம்மா நோயாளி. அதனால் பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை வாரி, ஷூ மாட்டி, அதன் கயிற்றையும் கட்டி ட்ரைஷாவில் ஏற்றியதெல்லாம் எட்டு வயது மூத்த அக்கா நவமணி. பிள்ளை வெறுங்காலைத் தரையில் வைக்க மாட்டான். வைத்தால் அவன் அலறலில் வீடே அதிரும்.

இதெல்லாம் தெரிந்தவர்களில் உயிரோடு மிஞ்சியது நவமணி அக்கா ஒருத்திதான். அவளும் எல்லாவற்றையும் மறந்துபோய், புவனேஸ்வரன் தலைவராக இருக்கும் நிழல்குடை முதியோர் இல்லத்தில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக் கிடந்தாள்.

இதில் ஒரு சௌகரியம் இருந்தது என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அந்த மட்டில் அவர் நல்ல மனுஷன். தினமும் காலையில் வந்து அக்கா பக்கத்தில் உட்காருவார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்க சார், யாரப் பாக்கணும்?" என்பாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவளுடைய பிள்ளைகள் பெர்த்திலிருந்து கூப்பிடும் வீடியோ அழைப்புக்கும் அதே மரியாதைதான்.

சில மாதங்களாக அந்த "சார்"கூடக் குறைந்து, சாப்பாடும் குறைந்துகொண்டு வந்தது. வாயருகே கரண்டியைக் கொண்டுபோனால் உதட்டைப் பூட்டிக்கொள்வாள். இது மறதி மட்டுமல்ல, மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

இல்லத்துத் தலைமைத் தாதி சபூரா அதைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"அண்ணே, குழாய் போட்டா அக்கா பிடுங்கி எறிஞ்சிருவாங்க. பிடுங்காம இருக்கக் கையக் கட்டணும். அவங்க கையக் கட்ட என்னால முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

அதன் பிறகுதான் செபராங் ஜெயாவிலிருந்து காமினி வரத் தொடங்கினாள். நினைவுகூரல் சிகிச்சையில் பயிற்சி பெற்ற பெண். பழைய பொருள், பழைய படம், பழைய வாசனை என்று எதையாவது கையில் கொடுத்து முதியவர்களைப் பேச வைப்பது அவள் வேலை.

"இது மந்திரம் இல்ல அங்கிள்," என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். "மறதி போயிடாது. ஆனா மனசு கொஞ்சம் லேசாகும். பேச்சு வரும். பேச்சு வந்தா சில பேருக்குப் பசியும் வரும்."

புவனேஸ்வரனுக்கு விஷயம் உடனே பிடித்துப்போயிற்று. அவருக்குப் பிடித்தால் அது சின்ன விஷயமாக இருக்க முடியாது. உடனே ஒரு குழு அமைந்தது. குழுவுக்குச் செயலாளர் ராமதாஸ். தலைவர் தும்மினால் அதிலும் ஒரு கருத்து இருப்பதாகக் கண்டுபிடித்துச் சொல்கிறவர். பழைய பொருள்கள் வைக்க ஓர் அறை என்று முடிவாகி, அதற்கு "நினைவகம்" என்று பெயர் வைத்தார்கள். கீழ்த்தளத்தில் துணி காயப்போடும் அறையைக் காலி செய்து சாயம் பூசினார்கள்.

அறையை நிரப்ப ராமதாஸுக்கு யோசனையே தேவைப்படவில்லை. தலைவரின் சொற்பொழிவை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். சொற்பொழிவில் வரும் வரிசைப்படியே பொருள்களும் வந்து இறங்கின. ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் கடையிலிருந்து பால் வெட்டும் உளி, பால் சேர்க்கும் மங்கு, தோளில் சுமக்கும் காண்டா கட்டை, அதன் இரு முனைக்கும் இரண்டு தகர வாளி, மண்ணெண்ணெய் விளக்கு, ஓர் அம்மிக்கல். சுவர் முழுக்க ரப்பர் தோட்டத்தின் படம். படத்தில் இருந்தது தாய்லாந்துத் தோட்டம் என்று ஓரத்து எழுத்து காட்டிக்கொடுத்தது. அங்கே ஒரு பூந்தொட்டியை வைத்து மறைத்தார்கள்.

ஒத்திகைக்காக முதியவர்களை அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். காமினி உளியை எடுத்து முதலில் காஜா மொய்தீன் கையில் கொடுத்தாள். எண்பதைத் தாண்டிய ஆள். துறைமுகத்தில் கப்பல் சரக்குக் கணக்கு எழுதியவர். அவர் உளியை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா, ஆட்டுக்குக் குளம்பு சீவறதா?"

"பால்மரம் வெட்டுறது தாத்தா. ஞாபகம் வருதா?"

"நான் பொறந்தது சூலியா ஸ்ட்ரீட்டு. எனக்கு ரப்பர்னா பென்சில் எழுத்த அழிக்கிறது ஒண்ணுதான்லா."

பக்கத்தில் இருந்த தனலெட்சுமி, டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவள், அம்மிக்கல்லைக் காலால் தள்ளிப் பார்த்தாள். "இத யாரு அரைக்கிறது? எனக்கு அப்பவே பசார்ல அரைச்ச மசாலாதான். இப்ப இந்த வயசுல அரைக்கச் சொல்றீங்களா? வந்த இடத்துல வேலையும் வாங்குறானுங்க பாரு."

"தலைவரே," என்றார் காஜா மொய்தீன், "கப்பல் விசில் சத்தம் இருந்தா போட்டு விடுங்க. நான் எந்திரிச்சு நிப்பேன்."

புவனேஸ்வரன் புன்னகை செய்தார். "அண்ணே, தோட்டம்தான் நம்ம சமுதாயத்தோட ஞாபகம். நமக்கு நேரா இல்லாட்டியும், ரத்தத்துல இருக்கும்."

"என் ரத்தத்துல சீனி மட்டும்தான் இருக்குன்னு டாக்டர் சொல்றாரு," என்றார் காஜா மொய்தீன்.

நவமணியின் முறை வந்தது. காமினி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, பால் மங்கு ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தாள். ரப்பர் வாசனைக்கென்று எங்கிருந்தோ வாங்கி வந்த காய்ந்த ரப்பர் துண்டை மூக்கருகே காட்டினாள். நவமணியின் முகம் சுருங்கியது. மங்கைத் தட்டிவிட்டாள். அன்று மத்தியானம் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மறுநாளும் அதே கதை.

இரண்டாம் வாரம் காமினி புவனேஸ்வரனைத் தனியாகப் பிடித்தாள்.

"அங்கிள், ஆன்ட்டி தோட்டத்துலதான் வளர்ந்தாங்களா?"

"அதுல என்னம்மா சந்தேகம்?" என்றார் அவர். சந்தேகம் என்ற சொல்லை அவர் கொஞ்சம் அதிக சத்தத்தோடு சொன்னார்.

"அந்த மங்க எப்படிப் பிடிக்கிறதுன்னே அவங்க கைக்குத் தெரியல. மனசு மறந்தாலும் கை மறக்காது. நான் நிறையப் பேரப் பாத்திருக்கேன். வேற ஏதாச்சும் இருக்கணும். சின்ன வயசுல தினமும் செஞ்சது, தினமும் தொட்டது. அது கிடைச்சா பேச வைக்கலாம். அவங்கள முழுசாத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான்."

புவனேஸ்வரன் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். மெக்காலிஸ்டர் ரோடு என்றால் போதும். ட்ரைஷா என்றால் போதும். ஆனால் வரும் சனிக்கிழமை திறப்பு விழா. ஒய்பி வருகிறார், அந்தத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரை இங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "தோட்டத்து மண்ணிலிருந்து" என்று கொட்டை எழுத்தில் பதாகை அச்சாகித் தொங்குகிறது. நாலே நாள்தானே, விழா முடியட்டும், இந்தப் பெண்ணிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாலு நாளில் அக்கா ஓடியா போய்விடப் போகிறாள்?

"யோசிச்சுச் சொல்றேம்மா," என்றார்.

"யோசிங்க. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. அவங்க எப்பவாச்சும் எதையாச்சும் பேச ஆரம்பிச்சா, அது என்னவா இருந்தாலும், 'இல்ல, தப்பு'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஒரு தடவை முகத்துல கதவச் சாத்தினா, மறுபடி திறக்க மாட்டாங்க."

அவள் போன பிறகு சபூரா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். நிரப்பிக் கொண்டுபோனபடியே திரும்பி வந்திருந்தது. கிண்ணத்தை அவர் கண்ணெதிரே ஒரு கணம் நிறுத்திக் காட்டிவிட்டு, சமையலறைப் பக்கம் நடந்தாள். புவனேஸ்வரனுக்கு அது என்னவோ போல் இருந்தது.

சனிக்கிழமைக்குள் நவமணியின் மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டது. திங்கட்கிழமை டாக்டர் வந்து பார்த்துக் குழாயைப் பற்றி முடிவு சொல்வதாக இருந்தது.

விழாவுக்கு முற்றத்தில் கூடாரம் போட்டார்கள். நாதஸ்வரத்துக்கு ஆள் கிடைக்காமல் ஸ்பீக்கரில் வைத்தார்கள். முதியவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, ஆளுக்கொரு மாலையும் போட்டார்கள். "உயிரோட இருக்கும்போதே போட்டுப் பாத்துக்கிறானுங்க," என்றார் காஜா மொய்தீன். அவருக்கு அடுத்துச் சக்கர நாற்காலியில் நவமணி, தலை தொங்கி, கண் பாதி மூடியபடி இருந்தாள்.

ராமதாஸ் கடைசி நேரத்தில் ஒரு யோசனையோடு ஓடி வந்தார்.

"தலைவரே, நீங்க சும்மா நடந்து வந்தா எப்படி? வேட்டிய மடிச்சுக் கட்டி, காண்டா கட்டையில வாளி ரெண்டும் தொங்க, வெறுங்காலோட கேட்டுலருந்து நடந்து வரணும். அந்தக் காலத்துப் பையன் மாதிரி. நான் மைக்குல உங்க கதையச் சொல்லிக்கிட்டே வரேன். ஒய்பியே கண் கலங்கிடுவாரு."

கோயில் வெளிப்பிரகாரத்திலேயே காலுறை போட்டு நடப்பவர் புவனேஸ்வரன். ஆனால் ஒய்பி கண் கலங்குவது லேசான விஷயமில்லை. ஷூவையும் காலுறையையும் கழற்றி, கேட்டருகே நின்ற சபூராவிடம் கொடுத்தார். கறுப்புத் தோல் ஷூ. முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. சபூரா அதைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் பாதத்தைப் பார்த்தாள்.

"பச்சப்புள்ள கால் மாதிரியிருக்கே அண்ணே. தோட்டத்துல நடந்த கால்னு சொல்லவே முடியாது."

"கிரீம் போடுறேன்," என்றார் அவர்.

ஸ்பீக்கரில் ராமதாஸ் குரல் எழுந்தது. "இதோ! பால்மர வாசனையில் பிறந்த ஒரு சிறுவன்! வெறுங்கால்களே அவன் காலணி!"

கேட்டிலிருந்து கூடாரம்வரை முற்றம் முழுக்கச் சின்னக் கல். ஒவ்வோர் அடிக்கும் புவனேஸ்வரன் உதட்டைக் கடித்தார். ஒரு காலைத் தூக்கி அடுத்ததை வைப்பதற்குள் வாளிகளின் கைப்பிடிகள் ஆடிக் கணகணவென்று சத்தமிட்டன. பார்த்தவர்கள் அதைக் கடந்த காலத்தின் பாரம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்தார். பாதி தூரத்தில் கூரான கல் ஒன்று குத்த, "ஆ" என்று கத்தி, ஒற்றைக் காலில் தத்தினார் தலைவர்.

முன்வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது.

"டேய் புவன்!"

ஒரு வருஷமாக யாரும் கேட்டிராத குரல். உரக்க, அதட்டலாக, ஒரு வீட்டையே நடத்தி வந்தவள் குரலாக.

"டேய்! ஷூ எங்கடா? வெறுங்கால்ல எறங்காதன்னு எத்தன தடவ சொல்றது? இந்தா பாரு, கல்லு குத்திருச்சு. இப்ப ஊரக் கூட்டி அழுவ."

புவனேஸ்வரன் நின்ற இடத்தில் நின்றார். தோளில் காண்டா கட்டை. காற்றில் ஒரு கால்.

நவமணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மாலை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. "ட்ரைஷாக்காரன் மணி அடிக்கிறான், கேக்கலியா?" என்று அந்த வாளிகளைப் பார்த்துச் சொன்னாள். "ஆ லான் பாலக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறா. அப்பா காடியக் கெளப்பிக்கிட்டு ஆபீஸ் போயிட்டாரு. நீ என்னடான்னா வாளியத் தூக்கிக்கிட்டு வெளயாடுற. யாருடா ஒனக்கு இதக் குடுத்தது? தோட்டத்துக்குப் போறியா? போனியே ஒரு தடவ, ஜுருவுக்கு! கால்ல அட்டை ஏறிடுச்சுன்னு மாமா கழுத்தக் கட்டிக்கிட்டு அலறின அலறல்ல, அப்பா அன்னிக்கே காடியோட ஃபெர்ரி ஏறி வந்து தூக்கிட்டு வரல?"

முதலில் சிரித்தது தனலெட்சுமி. பிறகு பின்வரிசை. காஜா மொய்தீன் சிரிக்கவில்லை. இரண்டு காதையும் முன்னால் நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ் அரைகுறையாகப் புரிந்த ஒய்பி பக்கத்தில் இருந்தவரிடம், இது நாடகத்தில் ஒரு காட்சியா என்று விசாரித்தார்.

ராமதாஸ் பாய்ந்து வந்தார். மைக் கையிலேயே இருந்தது. "அன்பர்களே, பெரியம்மாவுக்கு மறதி நோய். என்ன பேசுறோம்னு அவங்களுக்கே தெரியாது. எல்லாம் கற்பனை. நம்ம தலைவரே அதச் சொல்லுவாரு." மைக்கைப் புவனேஸ்வரன் வாயருகே நீட்டினார்.

வழி அவ்வளவு லேசாகத் திறந்து கிடந்தது. ஆமாம், பாவம், அக்காவுக்கு எல்லாம் குழம்பிப்போச்சு. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். கூடாரம் அனுதாபத்தோடு தலையாட்டும். மறதிக்காரி பேச்சை யார் நம்பப் போகிறார்கள்? நாற்பது வயதுக்குப் பிறகு பாடுபட்டுச் சேர்த்த ஏழ்மை முழுதாகக் கையில் மிஞ்சும்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரை, "சார்" என்ற யாரோ ஒரு ஆளை இல்லை. நெற்றியைச் சுருக்கி, பதிலுக்குக் காத்திருக்கும் பார்வை. அந்தப் பார்வையைக் கடைசியாக எப்போது வாங்கினோம் என்று அவருக்கு நினைவில்லை. கூடாரத்து ஓரத்தில் நின்ற காமினி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

அந்த நெற்றிச் சுருக்கம் மெல்லத் தளரத் தொடங்கியது. பதில் வராவிட்டால் அது போய்விடும் என்று அவருக்குத் தெரிந்தது.

"ஆமாக்கா," என்றார் புவனேஸ்வரன்.

மைக் இருந்ததால் அது முற்றத்தைத் தாண்டி, டத்தோ கிராமாட் சாலைவரை கேட்டது.

"தப்புத்தான்க்கா. ஷூ போடாம எறங்கிட்டேன். கால் வலிக்குது."

"வலிக்காம? இங்க வா."

தம் தோளிலிருந்த காண்டா கட்டையை ராமதாஸின் தோளுக்கு மாற்றினார். அவரும் ஏன் என்று கேட்காமல் ஏற்றுக்கொண்டார், தலைவர் கொடுத்ததாயிற்றே. புவனேஸ்வரன் நொண்டிக்கொண்டு போய், அக்கா எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே சபூரா ஷூவோடு வந்து நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பும் இருந்தது, வேறொன்றும் இருந்தது.

"கால நீட்டு," என்றாள் நவமணி.

மூத்தவள் மடியில் கால் வைப்பதா என்று அவர் தயங்கினார். அவள் தயங்கவில்லை. கணுக்காலைப் பிடித்து இழுத்து மடியில் வைத்து, உள்ளங்காலைத் தட்டி மண்ணை உதறினாள். கரண்டியைப் பிடிக்க மறுத்த விரல்கள் அவை. காலுறையைச் சுருட்டி, விரல் நுனியில் மாட்டி, குதிகால்வரை ஓர் இழுப்பு. ஷூவுக்குள் காலை அழுத்தி, கயிற்றை இரண்டு பக்கமும் சமமாக இழுத்து, முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சு. பள்ளி மைதானத்தில் அவிழ்ந்துவிடக்கூடாதே என்று போடுகிற முடிச்சு. பிறகு ஷூ மூக்கில் விரலால் ஒரு தட்டு. முடிந்தது என்று அர்த்தம். அந்தத் தட்டுக்கு அவர் கால் தானாகக் கீழே இறங்கி, அடுத்த கால் தானாக மேலே ஏறியது. எழுபது வயது மனிதருக்கு அதில் வெட்கம் ஒன்றும் தெரியவில்லை.

"பசியாறிட்டியா?" என்றாள் நவமணி.

"இல்லக்கா. நீ?"

"நீ பசியாறாம நான் என்னிக்குடா பசியாறியிருக்கேன்?"

சபூரா ஓடினாள். சமையலறையில் விருந்தினருக்கு வைத்திருந்த, காயா என்னும் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டியிலிருந்து இரண்டு துண்டும், ஒரு கோப்பை மைலோவும் வந்தன. நவமணி ரொட்டியைப் பிட்டு மைலோவில் நனைத்து முதலில் தம்பி வாயில் திணித்தாள். அவர் மென்று விழுங்கியதைச் சரிபார்த்தாள். பிறகு தானும் ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய். அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. கூடாரமே அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. காமினி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "யாரும் பேசாதீங்க," என்று எல்லாருக்கும் சைகை காட்டினாள்.

ரிப்பன் வெட்டுவதற்கு யாரும் அழைக்காததால் ஒய்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தட்டிலிருந்த கத்தரிக்கோலை அவரே எடுத்து, அவரே வெட்டி, அவரே கைதட்டிக்கொண்டு புறப்பட்டார். அவர் போவதை ராமதாஸ் மட்டும் கவனித்தார். காண்டா கட்டையோடு பின்னால் ஓடிப்போய் வழியனுப்பினார்.

டாக்டர் திங்கட்கிழமை வந்து பார்த்துவிட்டு, குழாய்ப் பேச்சைத் தள்ளிவைத்தார். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். "ஷூ," என்றாள் சபூரா.

விழாவைப் பற்றிய செய்தியை ராமதாஸ் எழுதி அனுப்பினார். தமக்கையின் நினைவை மீட்பதற்காகவே தலைவர் வெறுங்காலோடு நடந்து வந்ததாகவும், இது நுட்பமாகத் திட்டமிட்ட சிகிச்சை முறை என்றும் அதில் இருந்தது. புவனேஸ்வரன் அதைப் படித்தார். அப்படித்தான் திட்டமிட்டோமோ என்று ஒரு கணம் அவருக்கே தோன்றியது. பழக்கம் சட்டென்று விட்டுவிடுமா? அந்த நேரம் பார்த்து முன்னறையிலிருந்து காஜா மொய்தீன் குரல் கொடுத்தார்.

"தலைவரே! ஒரு சந்தேகம். உங்க தோட்டத்துல ட்ரைஷா பால்மரத்துக்கு நடுவுலயே ஓடுச்சா, இல்ல சுத்திக்கிட்டுப் போச்சா?"

"வீட்டு வாசல்லருந்து ஓடுச்சுண்ணே," என்றார் புவனேஸ்வரன். "மெக்காலிஸ்டர் ரோட்டு வாசல்லருந்து."

"அப்படிச் சொல்லுங்க! எனக்கு அந்த ரோட்டுல ட்ரைஷாக்காரங்க எல்லாரையும் தெரியும். எவன் வந்தான்? ஒத்தக் கண்ணு செத்துப்போனவனா?"

"அவனேதான்!"

இரண்டு பேரும் அன்று மத்தியானம் முழுக்க ஒற்றைக் கண் ட்ரைஷாக்காரனைப் பற்றியே பேசித் தீர்த்தார்கள். தனலெட்சுமி இடையில் புகுந்து, அவன் டெலிபோன் ஆபீசு வாசலில் யாருக்காகக் காத்து நிற்பான் என்ற விவரத்தையும் சேர்த்தாள். ஓரமாக உட்கார்ந்து கேட்ட காமினி, இதுவும் நினைவுகூரல் சிகிச்சைதான் என்றாள். யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை.

நினைவகத்திலிருந்து உளியும் மங்கும் வந்த கடைக்கே திரும்பிப் போயின. அம்மிக்கல்லை யாராலும் தூக்க முடியாததால் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்க வைத்திருக்கிறார்கள். காஜா மொய்தீனுக்குக் கப்பல் விசில் ஒலிப்பதிவு கிடைத்தது. சொன்னபடியே எழுந்து நின்றார். தனலெட்சுமிக்கு வட்டமாகச் சுழற்றும் பழைய டெலிபோன் ஒன்று வந்திருக்கிறது. அதில் அவள் யாரையோ தினமும் திட்டுகிறாள். மனசுக்கு நல்லது என்கிறாள் காமினி.

நவமணிக்கு எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. காமினி முதல் நாளே சொன்னதுதான். சில காலை புவனேஸ்வரன் அவளுக்குப் புவன். சில காலை மறுபடி "சார்". ஒரு நாள் அப்பாவின் கம்பெனியிலிருந்து வந்த பியூன். ஆனால் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலை நீட்டினால் எந்தக் காலையிலும் அந்தக் கைகள் வேலையை ஆரம்பித்துவிடும். "சாரா இருந்தாலும் இப்படியா வர்றது?" என்று திட்டிக்கொண்டே கட்டுவாள். கட்டி முடித்தால் ரொட்டி. ரொட்டி இல்லாத நாள் இல்லை. மணிக்கட்டு எலும்பின் மேல் கொஞ்சம் சதை ஏறியிருக்கிறது.

அன்று ஒரு கால் முடிந்து மறு கால் மடியில் இருந்த நேரம் பார்த்து ராமதாஸ் கைப்பேசியில் கூப்பிட்டார். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா. பெரிய மண்டபம். தலைவர்தான் சிறப்புரை. இன்றைக்கே காலையில், வரவேண்டியவர் ஒருவர் வராததால் அவசர ஏற்பாடு.

"பழைய தோட்டக் கதையையே கேக்குறாங்க தலைவரே. உங்கள விட்டா அதச் சொல்ல ஆள் இல்ல. பாலம் தாண்டி வர எவ்ளோ நேரம் ஆகும்?"

நவமணி கயிற்றை இழுத்து இரண்டாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். அது முடியும்வரை புவனேஸ்வரன் பொறுத்திருந்தார். ஷூ மூக்கில் அந்தத் தட்டு விழுந்தது.

"வர முடியாது ராமதாஸ்," என்றார். "எனக்கு ட்ரைஷா வந்து நிக்குது."